அந்த ஃபிலிமைத் தூக்கிப் போட்டுவிடாதே

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் உன் குரல் கம்மியிருந்தது. "மூணாவது தடவையும் இப்படித்தாம்மா வருது, நான்தான் எங்கேயோ சொதப்புறேன்" என்றாய். செல் புற்றாக மாறாமல் காக்கும் காவல் புரதம் பி53. அது கெட்டுப்போன கட்டி செல்களில் அதன் அளவு குறைந்திருக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறாய். ஆனால் உன் வெஸ்டர்ன் பிளாட் ஃபிலிமில், புரதம் கூடக்கூடப் பட்டை தடிக்கும் இல்லையா, அந்த செல்களின் வரிசையில்தான் பட்டை கன்னங்கரேலென்று தடித்து நிற்கிறது. சாதாரண செல்களின் வரிசையில் தேடினால்கூட ஒன்றும் இல்லை. எல்லா செல்லிலும் இருப்பதால் ஒப்பீட்டுக்கு வைக்கும் ஆக்டின் புரதம் மட்டும் எல்லா வரிசையிலும் ஒரே அளவு. அப்படியென்றால் நீ சொதப்பவில்லை, கண்ணு.

நல்ல செல் பி53-ஐச் செய்யாமல் இல்லை. செய்துகொண்டே இருக்கிறது, கூடவே அழித்துக்கொண்டும் இருக்கிறது. எம்டிஎம்2 என்ற இன்னொரு புரதம் வந்து அதன்மேல் யுபிக்விட்டின் என்ற சின்ன அடையாளப் புரதத்தை ஒட்டிவிடும். அந்த அடையாளத்தைப் பார்த்து, செல்லின் புரதம் நறுக்கும் இயந்திரமான புரோட்டியசோம் நறுக்கித் தள்ளிவிடும். பாதி அளவு காலியாக 20 நிமிடம் போல ஆகும், அவ்வளவுதான். வீண் செலவாகத் தெரியும். ஆனால் டிஎன்ஏ உடைந்த அந்தக் கணத்தில் புதிதாகச் செய்ய நேரமேது? டிஎன்ஏ உடைந்தால் விழித்துக்கொள்ளும் ஏடிஎம் கைனேஸ் என்ற நொதி பி53-இல் பாஸ்பேட்டை ஏற்றியதும் எம்டிஎம்2-இன் பிடி தளர்கிறது. அழிப்பது நின்றாலே போதும், அளவு மளமளவென்று ஏறிவிடும். எத்தனை வருஷமானாலும் இந்த ஏற்பாடு எனக்கு அலுக்கவில்லை.

அந்த எம்டிஎம்2 மரபணுவை முடுக்கிவிடுவதும் இதே பி53-தான். மரபணு மாற்றத்தால் பிறழ்ந்த பி53-ஆல் அது முடியாது. பிறழ்ந்த பி53 அழியாமல் குவிவதற்கு இதுவும் ஒரு காரணம். உன் ஃபிலிமில் தடித்து நிற்பது வேலை செய்யாத காவலாளியாக இருக்கலாம்.

இதே இடத்தில் பெரிய பெரிய ஆட்களே பத்து வருஷம் தடுமாறியிருக்கிறார்கள். 1979-இல் கண்டுபிடித்தபோது கட்டி செல்களில் நிறைய இருந்ததால், புற்றுநோயைத் தூண்டுவதே பி53 என்று நம்பினார்கள். ஆய்வகங்களில் கைமாறிய குளோன்களே, அதாவது பி53 மரபணுவின் பிரதிகளே, பிறழ்ந்தவை என்பது 1989 வாக்கில்தான் தெளிவானது. இயல்பான பி53 கட்டியைத் தடுக்கிறது என்பதும் அப்போதுதான். பெயரில் இருக்கும் 53-கூட, புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல் காட்டிய எடைதான். உண்மையில் கிட்டத்தட்ட 44 கிலோடால்டன்தான் (புரத எடையின் அலகு).

நானும் முதல் வருஷத்தில் இப்படி ஒரு பட்டையைப் பார்த்தேன். "ஆன்டிபாடி (பி53-ஐக் கண்டுபிடிக்கும் புரதம்) சரியில்லை" என்று நோட்டில் எழுதிவிட்டு ஃபிலிமைக் குப்பையில் போட்டேன். கைடிடம் காட்டக்கூட இல்லை. இன்றைக்கும் மனசு உறுத்துகிறது.

சரி, அடுத்து என்ன? கட்டி செல்களில் சைக்ளோஹெக்சிமைடு மருந்து போட்டுப் புதிய புரதம் உருவாவதை நிறுத்திவிட்டு, 20 நிமிடத்துக்கு ஒருமுறை சாம்பிள் எடு. பட்டை மணிக்கணக்கில் கரையாமல் நின்றால் பாதி பதில் கிடைத்த மாதிரி. சாதாரண செல்களில் புரோட்டியசோமை அடைக்கும் எம்ஜி132 மருந்தைச் சேர்த்துப் பார்; புரோட்டியசோம் அடைபட்டதும் ஒளிந்திருந்த பட்டை மேலே வரும். அப்புறம் மரபணுவை வரிசைப்படுத்தக் கொடு, 5 முதல் 8 வரையுள்ள எக்ஸான்களை (மரபணுவில் புரதத்துக்கான துண்டுகளை) முதலில். பெரும்பாலான பிறழ்வுகள் அங்கேதான் இருக்கும்.

கைடிடம் நாளைக்கே காட்டிவிடு. எனக்கும் ஒரு படம் அனுப்பு. பட்டையை மட்டும் வெட்டி அனுப்பாதே, ஓரத்தில் எடை காட்டும் மார்க்கர் தெரிகிற மாதிரி முழு ஃபிலிமும் வேண்டும்.

அன்புடன்,
அம்மா