கரண்டி பிடித்த கைகளுக்கு

அன்புள்ள எல்லாருக்கும்,

பிரெஞ்சில் எழுதிய நன்றி மடலை லோஷ் ஊர்ச் சந்தையில் எங்கள் மேசைக்கு மேலேயே ஒட்டிவைத்துவிட்டோம். ஊர்க்காரர்கள் படித்தாயிற்று. இது நம் ஆட்களுக்கு. பாரிசிலிருந்தும் தூர் நகரத்திலிருந்தும் வந்துபோனவர்களுக்கு. காரைக்காலில் ஆறு வாரமாகப் போனும் கையுமாக உட்கார்ந்திருந்த அம்மாவுக்கும்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். மார்ச் மாதம், எங்கள் ஆட்டுப் பண்ணையின் சீஸ் அறையில் அச்சுகளிலிருந்து வடிந்த தண்ணீர் தரையில் கிடந்தது, வழுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு. அதுவும் ஆடுகள் குட்டி போட்டு, சீம்பால் நாட்கள் கழிந்து, பால் பெருகி வரும் நேரம் பார்த்து! 45 ஆடுகள், நாளுக்கு 100 லிட்டருக்கு மேல் பால். மாற்று ஆள் அனுப்பும் இடத்தில் கேட்டால் மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அந்தப் பருவத்தில் எல்லாப் பண்ணைக்கும்தான் ஆள் வேண்டும், சரி. ஆட்டு மடி மூன்று வாரம் பொறுக்குமா?

"பாலை ஃபிரிட்ஜில் வைக்கலாமே" என்று போனில் சிலர் கேட்டீர்கள். எலுமிச்சை பிழிந்து பத்து நிமிடத்தில் பனீர் எடுக்கிற வேலை இல்லை இது. நாங்கள் செய்வது சேன்த் மோர் த தூரேன் என்ற ஆட்டுப்பால் சீஸ். ("மோர் விற்கவா பிரான்சு போனாய்?" என்று அம்மா இன்றுவரை கேட்கிறாள்.) காய்ச்சாத ஆட்டுப்பாலில் முந்தின நாள் வடிந்த தண்ணீர் கொஞ்சம், பாலை உறையவைக்கும் ரென்னட் சில துளி விட்டு, சுமார் 20 டிகிரி சூட்டில் ஒரு நாள் அசையாமல் வைக்க வேண்டும். உறைந்ததை அச்சில் ஊற்றி வடியவிட்டு, உருளையாக எடுத்து, நடுவில் ஒரு வைக்கோல் செருகி, உப்பு கலந்த கரித்தூள் பூசி அடுக்க வேண்டும். அப்புறம் தினமும் திருப்பிவிட வேண்டும். ரென்னட் விட்டதிலிருந்து பத்து நாளாவது ஆகாமல் அந்தப் பெயரில் விற்கக் கூடாது. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு போல இதற்கு 1990-இலிருந்து சட்டக் காப்பு உண்டு. ஆக, ஒரு நாள் கை நின்றால் பத்து நாள் சரக்கு தடுமாறும்.

முதலில் வந்தவர் பக்கத்து வீட்டுப் பாட்டி. ஆடுகளை விற்றுவிட்டு ஓய்வில் இருப்பவர், காலை ஆறு மணிக்குத் தன் சொந்தக் கரண்டியோடு வந்து நின்றார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன். கரண்டியைச் சாய்க்காமல் உள்ளே நுழைத்து, வெண்மையான பாளத்தை உடையாமல் தூக்கி, அச்சின் ஓரத்தில் நழுவவிடுகிறார். ஈரத்துணியிலிருந்து இட்லியைப் பிரிக்கிற பதம். உடைந்தால் கொழுப்பு தண்ணீரோடு போய்விடும். "ஒன்பது வருஷமாக நீ அவசரப்படுகிறாய், கை உடைந்தது நல்லதுதான்" என்றார். கோபம் வந்தது. அவர் ஊற்றிய உருளைகளைப் பத்தாம் நாள் அறுத்துப் பார்த்தேன். நடுவில் ஒரு பொத்தல் இல்லை, வெண்ணெய் போல. என்ன சொல்ல?

தூரில் படிக்கும் தங்கைகள் இருவரும் மாலை பஸ்ஸில் வந்து, அடுக்கடுக்காகத் திருப்பிவிட்டார்கள். சீஸில் செருகும் ரை (rye) வைக்கோலில் எங்கள் பண்ணை எண் பொறித்திருப்பதைப் படமெடுத்து எல்லாருக்கும் அனுப்பியதும் அவர்கள்தான். 732-இல் புவாத்தியே போரில் தோற்ற அரபியர் விட்டுப்போன ஆடுகளிலிருந்துதான் இந்த சீஸ் வந்தது என்ற கதையையும் பாட்டியிடம் கேட்டுக்கொண்டார்கள். கதைதான், ஆனாலும் சந்தையில் நன்றாக விற்கும் கதை.

சந்தை என்றதும் தம்பி. பாரிசு லா ஷப்பெல்லில் கடை வேலையை விட்டுவிட்டு நான்கு சனிக்கிழமை லோஷ் வந்தாய். முதல் வாரம் இளசு கேட்டவர்களுக்கெல்லாம் காய்ந்து நீலம் பூத்ததைக் கொடுத்தாயே, அதில் இருவர் இப்போது காய்ந்ததுதான் வேண்டும் என்கிறார்கள். எதிர்க்கடைக் காய்கறிக்காரர் நீ வராத புதன்கிழமைகளில் தன் மேசையில் எங்கள் சீஸுக்கு இடம் கொடுத்தார். ஒரு யூரோகூட வாங்கவில்லை.

என் வீட்டுக்காரர் இரண்டு வேளையும் தனியாகக் கறந்தார். அவருக்கு நன்றி சொன்னால் சிரிப்பார், விடுங்கள்.

அண்ணி, பாரிசிலிருந்து நீங்கள் மீன் குழம்பும் சாம்பாருமாகக் கொடுத்துவிட்ட மூன்று டிபன் கேரியரும் இங்கேதான் இருக்கின்றன. வெறும் பாத்திரம் திருப்பித் தரக் கூடாது, சீஸ் வைத்து ரயிலில் அனுப்பினால் அந்தப் பெட்டியில் யாரும் உட்கார மாட்டார்கள். ஜூலையில் பிள்ளைகளோடு நீங்களே வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆட்டுக்காரி