நானோ அறிவியலை 9ஆம் வகுப்புக்குக் கொண்டுவாருங்கள்

மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் அறிவியல் பாடத்திட்டத்தைக் கவனிக்கும் குழுவினருக்கு,

வணக்கம்.

12ஆம் வகுப்பு இயற்பியல் இரண்டாம் தொகுதியின் கடைசி அலகில் நானோ அறிவியல் இருக்கிறது. நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு; அந்த அளவில் பொருட்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்ப்பதுதான் இந்த அறிவியல். தாமரை இலை, மயிலிறகு என்று நல்ல உதாரணங்களோடுதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அந்த அலகுக்கு வந்து சேரும்போது திருப்புதல் தேர்வு நெருங்கிவிடும். ஒரு மதிப்பெண் வினாக்களைக் குறித்துக் கொடுப்பதற்கே நேரம் சரியாக இருக்கும். அதுவும் அறிவியல் பிரிவு எடுத்தவர்களுக்கு மட்டும். வணிகவியல், தொழிற்கல்வி, ஐ.டி.ஐ. என்று போகும் பிள்ளைகளுக்கு அதுகூட இல்லை. அவர்கள் நானோவைச் சந்திப்பது கடையில்தான்: பெயின்ட் டப்பாவில், தண்ணீர் வடிகட்டியில், உரக்கடையில்.

உரக்கடையையே எடுத்துக்கொள்வோம். 2021இல் நானோ யூரியா என்ற, இலையில் தெளிக்கும் திரவ உரம் சந்தைக்கு வந்தது. 500 மி.லி. பாட்டில் ஒன்று 45 கிலோ யூரியா மூட்டைக்கு ஈடு என்றார்கள். முதலில் வந்த பாட்டிலில் நைட்ரஜன் 4 சதவீதம், அதாவது சுமார் 20 கிராம். மூட்டை யூரியாவில் 46 சதவீதம், 20 கிலோவுக்கும் மேல். ஆயிரம் மடங்கு வித்தியாசம். இலை வழியாக நேரே உள்ளே போவதால் வீணாவது குறைவு என்பது ஆதரிப்பவர்கள் வாதம். விளைச்சல் குறைந்தது என்று சொல்லும் வயல் ஆய்வுகளும் உண்டு. இதில் 14 வயதுப் பிள்ளை தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அப்பா அந்தப் பாட்டிலோடு வீட்டுக்கு வரும்போது, "20 கிராம் எப்படிப்பா 20 கிலோ வேலையைச் செய்யும்?" என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். பதில் வந்தால், அது சரியா என்று யோசிக்கவும் தெரிய வேண்டும்.

இதற்காகப் புதுப் பாடம் ஒன்றை ஏற்றிவிடாதீர்கள். பாடச்சுமை ஏற்கெனவே போதும் போதும் என்கிறது. 9ஆம் வகுப்பில் அளவீடு இருக்கிறது, கூழ்மக் கரைசலும் (பால் போல நுண்துகள் மிதக்கும் கலவை) அதில் ஒளி சிதறும் டிண்டால் விளைவும் இருக்கின்றன, வைரம், கிராஃபைட் போன்ற கார்பனின் புறவேற்றுமை வடிவங்களும் இருக்கின்றன. இந்த மூன்றிலும் கொஞ்சம் இடம் கொடுத்தால் போதும்.

அளவீட்டில் தொடங்கலாம். திருகு அளவியின் மீச்சிற்றளவு, அதாவது அதால் அளக்க முடிந்த மிகச் சிறிய அளவு, 0.01 மி.மீ. அதை நானோமீட்டருக்கு மாற்றினால் 10,000. நம் பள்ளி ஆய்வகத்தின் மிக நுட்பமான கருவியே அங்கே நின்றுவிடுகிறது என்பதை மாணவர்கள் முதலில் உணரட்டும். அப்புறம் ஒரு தலைமுடியை அட்டைச் சட்டத்தில் ஒட்டி, சிவப்பு லேசர் பாயிண்டரை அதன் மேல் விழச் செய்து, இரண்டு மீட்டர் தள்ளியிருக்கும் சுவரைப் பார்க்கச் சொல்லலாம். நடுவில் பளிச்சென்று ஒரு பட்டை, இரு பக்கமும் இருளும் ஒளியும் மாறி மாறி வரும். ஒரே பக்கத்தில் அடுத்தடுத்த இருண்ட இடங்களுக்கு இடையே சாதாரண ஸ்கேலில் சுமார் 16 மி.மீ. வந்தால், முடியின் தடிமன் சுமார் 0.08 மி.மீ.: லேசர் ஒளியின் அலைநீளத்தைச் சுவரின் தூரத்தால் பெருக்கி, அந்த இடைவெளியால் வகுத்தால் கிடைக்கும். சூத்திரத்தின் காரணத்தை 12ஆம் வகுப்பில் படித்துக்கொள்ளட்டும். இப்போது பயன்படுத்தினால் போதும். லேசரைக் கண்ணில் படாமல் பிடிக்க வேண்டும் என்ற எச்சரிக்கையை மட்டும் பெரிய எழுத்தில் போடுங்கள். வகுப்பில் இருக்கும் ஒவ்வொருவர் முடியும் வேறு வேறு எண் தரும். அதை ஒட்டி நடக்கும் பேச்சுதான் உண்மையான அளவீட்டுப் பாடம்.

கருவியே இல்லாமலும் நானோமீட்டரைத் தொடலாம். லண்டன் அருகே ஒரு குளத்தில் பெஞ்சமின் பிராங்கிளின் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டார். அது பரவிப் பரவி அரை ஏக்கர் அளவுக்கு நீரை அசையாமல் அடக்கியது. 1774இல் இதை வெளியிட்டார். தேக்கரண்டி 5 மி.லி. என்று வைத்து, 50 சென்ட் நிலத்தின் பரப்பால், அதாவது சுமார் 2,000 சதுர மீட்டரால் வகுத்தால், எண்ணெய்ப் படலத்தின் தடிமன் 2.5 நானோமீட்டர். பிராங்கிளின் இந்தக் கணக்கைப் போடவில்லை. நம் பிள்ளைகள் போட முடியும்.

சிறிதாக ஆனால் பொருளின் குணம் ஏன் மாறுகிறது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு செ.மீ. கனசதுரத்தின் மொத்தப் பரப்பு 6 சதுர செ.மீ. அதையே ஒரு நானோமீட்டர் கனசதுரங்களாக நறுக்கினால் 6,000 சதுர மீட்டர், கிட்டத்தட்ட ஒன்றரை ஏக்கர். வினையெல்லாம் பரப்பில்தானே நடக்கிறது!

கார்பன் பாடத்தில் கீழடியைச் சேருங்கள். அங்கே கிடைத்த பானை ஓடுகளின் கருப்புப் பூச்சில் கார்பன் நானோ குழாய்கள் (கார்பன் அணுக்களால் ஆன, நானோமீட்டர் அளவிலான மெல்லிய குழாய்கள்) இருப்பதை வேலூர் வி.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்டார்கள். இதைப் பழம்பெருமையாக எழுதிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். குயவருக்கு நானோ குழாய் தெரியாது, சூளையும் பூச்சும் தெரியும். 2,000 ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பூச்சு உதிராமல் இருந்தது ஏன் என்ற கேள்வியாக அது வரட்டும்.

ஆபத்தையும் மறைக்க வேண்டாம். உணவில் வெண்மைக்காகச் சேர்க்கும் டைட்டானியம் டை ஆக்சைடை ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் தடை செய்தது. அதில் இருக்கும் நானோ துகள்களும் அந்தக் கவலைக்கு ஒரு காரணம். அதே சமயம், குடிநீரிலிருந்து பூச்சிக்கொல்லியையும் ஆர்சனிக்கையும் நீக்க நானோ பொருட்களைப் பயன்படுத்தும் வழியைச் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப்பின் குழு உருவாக்கியது. இரண்டும் ஒரே பக்கத்தில் வர வேண்டும்.

ஆசிரியர்களுக்கான பயிற்சிதான் எனக்குப் பெரிய கவலை. பவர்பாயின்ட் பார்த்துவிட்டு வரும் பயிற்சியால் பயனில்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும் பாரதியார் பல்கலைக்கழகத்திலும் இதற்கென்றே துறைகள் இருக்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் மையமே இருக்கிறது. மண்டலவாரியாக ஆசிரியர்களை அங்கே ஒரு நாள் அனுப்பி, எலக்ட்ரான் நுண்ணோக்கியின் முன் உட்கார வையுங்கள்.

தேர்வில் 'நானோ என்றால் என்ன?' என்ற வினா வேண்டவே வேண்டாம். ஒரு விளம்பர வாசகத்தைக் கொடுத்து, அதை நம்ப என்னென்ன தகவல் தேவை என்று கேளுங்கள். அடுத்த திருத்தத்தில் எல்லாவற்றையும் சேர்க்க முடியாது என்றால், முடி அளக்கும் சோதனையையும் எண்ணெய்ப் படலக் கணக்கையும் மட்டுமாவது சேருங்கள். அவற்றுக்கான செய்முறைக் குறிப்பை எழுதி, வகுப்பில் செய்து பார்த்துத் தர நான் தயார்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியர் ஒருவர்