கோவில் பீரோவில் இருக்கும் குடும்ப வரலாறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொங்குநாட்டின் பழைய கிறிஸ்தவக் கோவில்கள் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். கருமத்தம்பட்டி, சத்தியமங்கலம், கோவை மிக்கேல் பேராலயம் எனப் படங்கள் அருமை. ஆனால் அந்தக் கோவில்களின் பீரோவில் கிடக்கும் ஞானஸ்நானப் பதிவேடுகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே!

காணி உள்ளவர்களுக்குப் பட்டா உண்டு, பத்திரம் உண்டு. கூட்டமும் குலமும் சொல்லப் புலவர்களும் இருந்தார்கள். நிலமில்லாத குடும்பத்துக்கு என்ன இருந்தது? எங்கள் பாட்டனின் தகப்பன் பெயர் காகிதத்தில் இருக்கும் ஒரே இடம், ஒரு பிரெஞ்சுச் சாமியார் மைதொட்டு எழுதிய நோட்டுதான்.

தேடக் கிளம்புகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, தங்கள் ஊர் அந்த வருடத்தில் யாருடைய பொறுப்பில் இருந்தது என்பது. சேசு சபைச் சாமியார்கள் 17-ஆம் நூற்றாண்டிலேயே சத்தியமங்கலம் வரை வந்துவிட்டார்கள். ஆனால் அவர்கள் ரோமுக்கு எழுதிய கடிதங்களில் இத்தனை பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தோம் என்ற கணக்கு வரும். நம் முன்னோர் பெயர் வராது. 1773-ல் போப்பாண்டவர் அந்தச் சபையையே கலைத்தார். அப்புறம் பாரிஸ் அந்நிய வேதபோதக சபை வந்தது. 1792-ல் வந்த துபுவா சாமியார், 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு, மைசூர்ப் பக்கம் சிதறிக் கிடந்த கிறிஸ்தவர்களை ஒன்றுசேர்த்தார்; அம்மை குத்தும் வேலையிலும் முன்னால் நின்றார். 1846-ல் ஆயர், அதாவது பிஷப், ஆன பிரெசியாக் தங்கியது கருமத்தம்பட்டியில். உள்ளூர்ப் பையன்கள் குருவாக வேண்டும் என்று பாடுபட்டவர். 1855-ல் பதவியை விட்டார், 1859-ல் ஆப்பிரிக்காவில் காய்ச்சலில் இறந்தார். கட்டுரையில் இவருக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம்.

கோவை மறைமாவட்டம், அதாவது ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள தனிப் பகுதி, ஆனது 1886-ல். சேலம் 1930-ல்தான் வந்தது, அதுவும் மைசூர், புதுச்சேரி, கும்பகோணம் மூன்றிலிருந்தும் பகுதிகளைப் பிரித்து. ஊட்டி 1955, தர்மபுரி 1997. இன்று சத்தியமங்கலம் ஊட்டி ஆயரின் கீழ் இருக்கிறது. ஆகவே சேலத்துக்காரர் ஒருவர் தன் கொள்ளுப்பாட்டியைத் தேடிக் கும்பகோணம் வரை கடிதம் போட வேண்டி வந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். ஊரில் இப்போது கோவில் இருப்பதால் பழைய நோட்டும் அங்கேயே இருக்கும் என்றும் நம்ப முடியாது. அன்று அது கிளை ஊராக இருந்திருந்தால், எழுத்தெல்லாம் தாய்ப்பங்கில், அதாவது சுற்றூர்களைக் கவனித்த தலைமைக் கோவிலில்தான்.

நோட்டு கையில் வந்தாலும் பெயர் உடனே கண்ணில் படாது. எழுத்து லத்தீன். வீட்டில் அருளப்பன், ஏட்டில் யோவான்னெஸ். ராயப்பன் பெத்ருஸ், சின்னப்பன் பவுலுஸ், ஞானப்பிரகாசம் அலோயீசியுஸ். ஒரே பக்கத்தில் நாலு யோவான்னெஸ் இருந்தால் ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பாக நிற்கும் ஞானத்தாய், ஞானத்தகப்பன் பெயரைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். பெரும்பாலும் சொந்தத்திலேயே யாராவது நின்றிருப்பார்கள். தேதியிலும் கவனம் தேவை. சாமியார் குதிரையிலோ வண்டியிலோ எப்போதாவது ஒருமுறை வருவார். பிள்ளை பிழைக்காது என்று தோன்றினால் ஊரில் வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாரே தண்ணீர் ஊற்றிவிடுவார், மீதிச் சடங்கு பிற்பாடு நடக்கும். பிறந்த தேதிக்கும் ஏட்டில் உள்ள தேதிக்கும் மாதக்கணக்கில் இடைவெளி விழுவது அதனால்தான். தாது வருஷப் பஞ்சத்தின்போது, 1876 முதல் 1878 வரை, தாய் தகப்பன் பெயரே இல்லாத பிள்ளைகளும் ஏட்டில் ஏறினார்கள். அந்தப் பக்கங்களைப் புரட்டக் கல்நெஞ்சு வேண்டும்.

இன்னொன்று, அதிகம் பேருக்குத் தெரியாதது. 1908 ஈஸ்டர் முதல், திருமணம் எங்கே நடந்தாலும் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குத் தகவல் போய், அந்தப் பதிவின் ஓரத்தில் குறிக்க வேண்டும் என்பது சட்டம். கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பெண் எங்கே போய்ச் சேர்ந்தாள் என்று அந்த ஓரக்குறிப்பு சொல்லிவிடும். இப்போது நடப்பது என்ன? நோட்டு கிழிகிறது என்று பைண்டிங் கடைக்கு அனுப்புகிறார்கள். அங்கே விளிம்பைச் சீராக வெட்டும்போது ஓரக்குறிப்பும் சேர்ந்து போய்விடுகிறது. லேமினேஷன் போட்டால் இன்னும் மோசம், ஒட்டிய காகிதத்தைத் திரும்பப் பிரிக்க முடியாது. நல்ல எண்ணத்தில் செய்கிறார்கள், சரி. ஆனால் போனது போனதுதானே?

ஒரு பங்கு அலுவலகத்தில் எனக்கு நோட்டைக் காட்டவே மறுத்தார்கள். கோபம் வந்தது உண்மை. யோசித்தால் அவர்கள் தயக்கத்திலும் காரணம் இருக்கிறது. பழைய பதிவுகள் பலவற்றில் சாதியும் எழுதியிருக்கும். 1950-ஆம் ஆண்டு ஜனாதிபதி உத்தரவின்படி கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதிச் சலுகை கிடையாது. யாராவது ஒரு பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு போய் ஒரு குடும்பத்தின் சாதிச் சான்றிதழுக்கு வேட்டு வைத்தால் என்ன செய்வது? அதனால் எல்லாவற்றையும் இன்டர்நெட்டில் போடுங்கள் என்று நான் கேட்க மாட்டேன். நூறு வருடம் தாண்டிய ஏடுகளை மட்டும் படமெடுத்து, ஆயர் இல்லத்தில் வைத்து, குடும்பத்தார் கேட்டால் காட்டட்டும். இப்படி அழியும் ஆவணங்களைப் படமெடுக்க லண்டன் பிரிட்டிஷ் நூலகம் நிதி தருகிறது, கேட்டுப் பார்க்கலாம். பதிவின் கீழே கையெழுத்திட்ட சாமியார் யார் என்று அறிய வேண்டுமானால், பாரிஸ் சபையின் ஆவணக் காப்பகம் தன் குருக்களின் வாழ்க்கைக் குறிப்புகளைப் பிரெஞ்சில் இணையத்திலேயே வைத்திருக்கிறது.

உங்கள் பத்திரிகையிடம் ஒரு வேண்டுகோள். கோவை, ஊட்டி, சேலம், தர்மபுரி ஆயர் இல்லங்களை உங்கள் நிருபர்கள் அணுகி, எந்தப் பங்கில் எந்த வருடம் முதல் ஞானஸ்நான ஏடு இருக்கிறது, அதன் கிளை ஊர்கள் எவை என்று மட்டும் கேட்டு வாங்கி, ஒரு பக்கம் ஒதுக்கி அச்சிடுங்கள். யார் பெயரும் வேண்டாம். பங்கும் ஊரும் வருடமும் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
சோமனூர்.