கீழ்க்கரையை மேல்கரை ஆக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பயணப் பகுதியில் ஒரு வரி: "அர்ஜென்டினாவில், சொல்லிக்கொள்ளும்படி வரலாறு ஏதும் இல்லாத ஒரு தூங்குமூஞ்சி ஊர் ஃப்ரை பென்டோஸ்." படித்தபோது கையில் காபி இருந்தது. பாதிக் குடித்ததை அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

முதலில் நாட்டைப் பார்ப்போம். ஃப்ரை பென்டோஸ் இருப்பது உருகுவேயில். உருகுவே ஆற்றின் கீழ்க்கரையில், அதாவது கிழக்குக் கரையில். எதிர்க்கரைதான் அர்ஜென்டினா. உருகுவே நாட்டின் முழுப்பெயரிலேயே "உருகுவே ஆற்றுக்குக் கிழக்கே உள்ள குடியரசு" என்ற பொருள் இருப்பது தாங்கள் அறியாததல்ல. பெயரிலேயே திசையை எழுதி வைத்திருக்கிற ஒரு நாட்டை ஆற்றுக்கு அந்தப் பக்கம் தூக்கிப் போடத் தனித் திறமை வேண்டும்.

நான் கப்பலில் இரண்டாம் இன்ஜினியராக இருந்தவன். 2008 ஜூலையில் மரக்கட்டை ஏற்றுவதற்காக அந்த ஊருக்குப் போனோம். கடலிலிருந்து லா பிளாட்டா முகத்துவாரத்துக்குள் நுழைந்து, தேநீர் நிறத் தண்ணீரில் வடக்கே ஏறி வர வேண்டும். சமுத்திரக் கப்பல் இவ்வளவு உள்ளே வந்து கட்டுகிற அளவுக்கு அங்கே இயற்கையிலேயே ஆழம் உண்டு. ஊர் அங்கே முளைத்ததற்கு அதுவே காரணம்.

போன இடத்தில் ஜெனரேட்டர் ஃப்யூயல் பம்ப்பில் எண்ணெயைத் தள்ளும் தண்டு, பிளஞ்சர், போய்விட்டது. மாற்றுப் பாகம் புவனோஸ் ஐரஸில் தயாராக இருந்தது. ஊருக்குப் பக்கத்திலேயே ஆற்றின் மேல் பெரிய பாலம், அதைத் தாண்டினால் அர்ஜென்டினா. ஆனால் பாலத்தில் ஒரு வண்டி கிடையாது. ஊரை ஒட்டி பின்லாந்துக் கம்பெனி கட்டிய காகிதக்கூழ் ஆலை 2007-இல் ஓடத் தொடங்கியிருந்தது. ஆறு கெட்டுவிடும் என்று எதிர்க்கரை குவாலெகுவைச்சு மக்கள் சாலையை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள். மூன்றரை ஆண்டுகள் விலகவில்லை. இரு நாடுகளும் தி ஹேக் வரை போயின. 2010 ஏப்ரலில் சர்வதேச நீதிமன்றம், முறைப்படி முன்கூட்டித் தெரிவிக்காதது உருகுவேயின் தவறு, ஆனால் ஆறு மாசுபட்டதாக நிரூபணம் இல்லை என்று தீர்ப்பளித்தது. என் பிளஞ்சர் வடக்கே சால்டோ வழியாகச் சுற்றிக்கொண்டு நான்காம் நாள் வந்து சேர்ந்தது. தங்கள் கட்டுரையாளர் சொல்கிறபடி அது அர்ஜென்டினாவாக இருந்திருந்தால், அன்று மாலையே மாட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அந்த நான்கு நாளில்தான் ஊரைப் பார்த்தேன். ஆற்றோரம் பழைய இறைச்சித் தொழிற்சாலை, இப்போது அருங்காட்சியகம். 1859-இல் வில்லா இன்டிபென்டென்சியா என்ற பெயரில் பிறந்த ஊர் அது. அந்தக் காலத்தில் அங்கே மாட்டைக் கொன்றது தோலுக்கும் கொழுப்புக்கும்தான். இறைச்சியில் கொஞ்சத்தை உப்புக்கண்டமாக்கி, பிரேசிலிலும் கியூபாவிலும் அடிமைகளுக்குப் போட விற்றார்கள். லீபிக் என்ற ஜெர்மன் வேதியியலாளர் சொன்ன முறைப்படி மாட்டிறைச்சியைக் காய்ச்சிச் சத்து இறக்கினால், ஏறக்குறைய முப்பது கிலோவுக்கு ஒரு கிலோ கிடைக்கும். ஐரோப்பிய விலையில் அது கட்டுப்படியாகுமா? இறைச்சி மலிவாகக் கிடைக்கும் இடமாக இந்த ஊரைக் கீபர்ட் என்ற ஜெர்மன் இன்ஜினியர் கண்டுபிடித்தார். 1865-இல் லண்டனில் கம்பெனி பதிவானது. பிறகு டப்பாவில் அடைத்த மாட்டிறைச்சி. உருகுவேயில் முதன்முதலாக மின்விளக்கு எரிந்ததும் இந்தத் தொழிற்சாலையில்தான், 1883-இல். ஐம்பதுக்கும் மேற்பட்ட நாட்டுக்காரர்கள் வேலை பார்த்த ஊர், ஐயா. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் வீரர்கள் தின்ற டப்பாவில் இந்த ஊர்ப் பெயர் இருந்தது. 1917-இல் ஒரு டாங்கிக்கே ஃப்ரை பென்டோஸ் என்று பெயர் வைத்தார்கள், டப்பாவுக்குள் அடைபட்ட இறைச்சி போலத்தான் தாங்களும் என்று. 2015-இல் யுனெஸ்கோ இந்தத் தொழிற்சாலை வளாகத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. யுனெஸ்கோவுக்குத் தெரிந்த வரலாறு தங்கள் பயணப் பகுதிக்குத் தெரியவில்லை. போகட்டும்.

அந்தப் பழைய தொழிற்சாலையின் இயந்திர அறையில், குளிரூட்டுவதற்கான அம்மோனியா கம்ப்ரஸர்கள் வரிசையாக நிற்கின்றன. இறைச்சி ஆலை மூடும் வரை அங்கேயே வேலை பார்த்த ஒரு பெரியவர்தான் எனக்குச் சுற்றிக் காட்டினார். அவருக்கு ஆங்கிலம் வராது, எனக்கு ஸ்பானிஷ் வராது. ஒரு பிரஷர் கேஜைக் காட்டினார். முள் பூஜ்யத்தில் கிடந்தது. நகத்தால் கண்ணாடியை இரண்டு தட்டுத் தட்டினார். முள் சிக்கியிருந்தால் அசையட்டும் என்று நாங்களும் கப்பலில் அப்படித்தான் தட்டுவோம். அசையவில்லை. "செதென்தா இ நுவேவே" என்றார். எழுபத்தொன்பது. ஆலை மூடிய ஆண்டு. அவருடைய ஊருக்கு வரலாறு இல்லையாம்.

பெயர் விளக்கமும் வேறு. "வறுத்த இறைச்சியால் வந்த பெயராக இருக்கலாம்" என்று தங்கள் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். சிக்கன் ஃப்ரையில் வருகிற ஃப்ரை அல்ல அது. ஸ்பானிஷில் "ஃப்ரை" என்றால் துறவி. அந்தப் பக்கம் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் ஒரு துறவியின் பெயர் இடத்துக்கு ஒட்டிக்கொண்டது, 1900-இல் அதுவே ஊர்ப்பெயராக உறுதியானது.

இது முதல் முறையும் இல்லை. ஒரு வினாடி வினாவில் உருகுவேயின் தலைநகர் அசுன்சியோன் என்று போட்டீர்கள். அது பராகுவேயின் தலைநகர். தென்னமெரிக்காவில் உள்ள கயானா பற்றிய கட்டுரைக்கு ஆப்பிரிக்காவின் கானா நாட்டுக் கொடியை அச்சிட்டீர்கள். நம் சென்னைத் துறைமுகத்திலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாகக் கப்பல் ஏறிப் போனவர்களின் பேரன் பேத்திகள் இருக்கிற நாடு கயானா. அதற்கு மூன்று பக்கம் கடிதம் எழுதினேன். "கயானா கட்டுரை அருமை!" என்று என் பெயரில் ஒரே வரி வந்தது. அந்த ஒரு வரியை நான் எழுதவே இல்லை. என் மைத்துனர் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

தவறு எல்லோருக்கும் வரும். நானும் ஒருமுறை வால்வை மாற்றித் திறந்து கேப்டனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன்தான். ஆனால் லாக் புத்தகத்தில் அன்றே என் கையாலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

நான் கேட்பது இரண்டுதான். அடுத்த இதழில், அதே பயணப் பகுதியில், அதே எழுத்து அளவில், ஊர் உருகுவேயில் இருக்கிறது என்று ஒரு வரித் திருத்தம். வேலைவாய்ப்பு விளம்பரத்துக்குக் கீழே பொடி எழுத்தில் வேண்டாம். அடுத்து, கயானா கடிதத்தோடு அந்நாட்டு ஜார்ஜ்டவுன் துறைமுகத்தில் நான் எடுத்த புகைப்படம் ஒன்று அனுப்பியிருந்தேன். பிரதி கிடையாது. தபால் தலை ஒட்டிய உறை இத்துடன் இருக்கிறது. படம் கிடைத்தால் அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் இன்ஜினியர் ஒருவர்,
தூத்துக்குடி.

பி.கு.: இக்கடிதத்தை வெளியிட இடமில்லை என்றால் விட்டுவிடுங்கள். சுருக்கி மட்டும் போட வேண்டாம்.