மகளின் தத்துவப் படிப்பு குறித்து

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தணிந்து நடமாடத் தொடங்கிவிட்டாய் என்பதில் மகிழ்ச்சி. எனக்கும் கண் சிகிச்சை முடிந்து, இப்போதுதான் எழுத்துக் கூட்டாமல் படிக்க முடிகிறது.

மகள் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படிக்க விரும்புவதாகவும், அதனால் என்ன பயன் என்று வீட்டில் எல்லோரும் கேட்பதாகவும் எழுதியிருந்தாய். வேலை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். தத்துவப் பட்டம் எந்த வேலையிலும் நேரே கொண்டுபோய் அமர்த்தாது. சட்டமோ ஆசிரியப் பயிற்சியோ பிறகு சேர வேண்டியிருக்கும். இதை அவளிடம் மறைக்காதே.

எனக்கு அந்தப் படிப்பு கொடுத்தது வேறு. முதலாண்டில் நான் எழுதிய கட்டுரை திரும்பி வந்தபோது, ஆசிரியர் ஓர் 'ஆகவே'யைப் பென்சிலால் வட்டமிட்டு, 'இது எங்கிருந்து வந்தது?' என்று ஓரத்தில் கேட்டிருந்தார். அதற்கு மேலிருந்த இரண்டு வாக்கியங்களையும் திரும்பத் திரும்பப் படித்தும், அந்த முடிவு அவற்றிலிருந்து கிளம்பவே இல்லை. ஏற்கெனவே நம்பியதை எழுதிவிட்டு, நடுவே ஒரு சொல்லைப் போட்டு ஒட்டவைத்திருந்தேன். அன்றிலிருந்து தலையங்கம் படித்தாலும், என் கோபத்துக்கு நானே நியாயம் தேடினாலும், கண் முதலில் 'ஆகவே'யில்தான் போய் நிற்கிறது.

நூல்களை வாங்கி வீட்டிலேயே படித்தால் போதாதா என்று நீ கேட்கலாம். தனியே படிப்பவனை மறுத்துப் பேச ஆளில்லை என்பதே என் பதில். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் பிறர் கொள்கைகளை எடுத்துரைத்து மறுக்கும் பரபக்கத்தை முன்னும், தன் கொள்கையைச் சொல்லும் சுபக்கத்தைப் பின்னும் வைத்திருக்கிறது அல்லவா? எங்கள் வகுப்பிலும் அதே ஒழுங்குதான்: எதிராளி 'ஆம், நான் சொன்னது இதுவே' என்று ஏற்கும்வரை மறுப்பதற்கு அனுமதி கிடையாது. பாதிப் பேர் மறுக்கும் கட்டத்துக்கே வரவில்லை. நானும் அவர்களில் ஒருவன்.

அங்கே கேட்ட ஒரு செய்தி இன்னும் மனத்தில் இருக்கிறது. எண்கணிதத்தைத் தருக்கத்தின் மேல் நிறுவப் பல ஆண்டுகள் உழைத்த ஜெர்மானியக் கணித அறிஞர் ஃப்ரெகேவுக்கு, நூலின் இரண்டாம் தொகுதி அச்சில் இருந்த வேளையில், 1902 ஜூனில் பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் ரஸ்ஸலிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அதில் ஒரு கேள்வி: தம்மைத் தாமே உறுப்பாகக் கொள்ளாத கணங்கள், அதாவது தொகுப்புகள், அனைத்தும் அடங்கிய கணம், தனக்கு உறுப்பா இல்லையா? ஆம் என்றால் இல்லை என்றாகிறது. இல்லை என்றால் ஆம் என்றாகிறது. ஃப்ரெகே சில நாட்களிலேயே பதில் எழுதியதோடு, 1903இல் வெளிவந்த அந்தத் தொகுதியின் பின்னிணைப்பில் தம் அடித்தளத்தில் இருந்த பிழையைத் தாமே பதிவும் செய்தார். அலுவலகத்தில் ஒரு கணக்குத் தவறை ஒப்புக்கொள்ள எனக்கு மூன்று நாள் ஆனது.

அவள் சேரட்டும். தருக்கத்தில் தொடங்கச் சொல். ஜெர்மானியத் தத்துவ அறிஞர் கான்ட்டின் நூலை எடுத்துக்கொண்டு ஒரு விடுமுறை முழுவதும் முன்னுரையைத் தாண்டாமல் தவித்தவன் சொல்கிறேன். என் பழைய தருக்கப் பாடநூலை இத்துடன் அனுப்புகிறேன். ஓரங்களில் உள்ள கிறுக்கல்கள் என்னுடையவை. அவற்றை அவள் அப்படியே நம்பிவிட வேண்டாம்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்