அரிசியைத் திருப்பிக் கொடுத்தவர்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. மூட்டு ஆபரேஷன் முடிந்து படியேறத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும்தான் நிம்மதி. ஊன்றுகோலை மட்டும் இப்போதே மூலையில் வைத்துவிடாதே.

இங்கே பேத்தி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள். வியாழக்கிழமைதோறும் பக்கத்து சர்ச் கூடத்தில் நடக்கும் உணவு வங்கிக்கு உதவப் போகிறேன் என்று சொன்னேனல்லவா? 'லண்டனில் யாருக்கடி பசி?' என்று எழுதியிருந்தாய். வந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சாப்பாட்டுக்கு வழியில்லாதவர்கள், டாக்டரோ பள்ளிக்கூடமோ ஆலோசனை மையமோ கொடுக்கும் வவுச்சரோடு வருவார்கள். மூன்று நாளைக்கான சாமான்களைப் பையில் போட்டுக் கொடுப்போம். முதல் நாள் என்னிடம் வந்தவர் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்ப்பவர், இரண்டு பிள்ளைகள். பையைப் பிரித்துப் பார்த்தவர் அரிசியையும் பாஸ்தாவையும் எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டு, "இது வேண்டாம், மீட்டரில் காசில்லை" என்றார். அரிசியைத் திருப்பிக் கொடுக்கிற ஒருவரை என் வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தேன்.

இங்கே பல ஏழை வீடுகளில் கரன்டுக்கும் கேஸுக்கும் முன்பணம் கட்டும் மீட்டர்தான். செல்போனுக்கு டாப்-அப் செய்வதுபோல் காசு போட வேண்டும். தீர்ந்தால் அடுப்பும் எரியாது, ஹீட்டரும் ஓடாது. அதைவிடக் கொடுமை, எதையுமே பயன்படுத்தாவிட்டாலும் தினமும் ஒரு நிலைக்கட்டணம் ஏறிக்கொண்டே போகும். ஒரு வாரம் கழித்து பத்து பவுண்டு போட்டால் அதில் ஒரு பங்கு அந்தப் பாக்கிக்கே போய்விடும். அதனால் 'கெட்டில் பெட்டி' என்று தனியாகவே ஒன்று கட்டுகிறோம். கப் நூடுல்ஸ், சூப் பொடி என்று வெந்நீர் ஊற்றினால் போதும் என்கிற சாமான்கள். அதற்கும் வழியில்லாதவர்களுக்கு டின்னைத் திறந்து அப்படியே சாப்பிடுகிற பை.

டிரசல் என்ற அமைப்பு 2000ல் சாலிஸ்பரி என்கிற ஊரில் ஒரே ஒரு உணவு வங்கியாக இதைத் தொடங்கியது. 2023-24ல் அவர்களுடைய வங்கிகள் மட்டும் நாடு முழுக்கக் கொடுத்த பைகள் 31 லட்சம். அதில் 11 லட்சத்துக்கு மேல் குழந்தைகளுக்கானவை. மசூதிகளும் குருத்வாராக்களும் தனியாகக் கொடுப்பது இந்தக் கணக்கில் வராது. 2023 மார்ச்சில் சாப்பாட்டுப் பொருட்களின் விலை ஒரே வருஷத்தில் 19 சதவீதம் ஏறியிருந்தது. சம்பளம் அப்படியா ஏறியது?

'படத்தில் பார்த்தால் எல்லோரும் குண்டாகத்தானே இருக்கிறார்கள்' என்றும் கேட்டிருந்தாய். அதுவும் இதே கதைதான். இங்கே அதே கலோரியைக் காய்கறி, பழம், மீன் என்று வாங்கினால், பிஸ்கட்டும் சிப்ஸுமாக வாங்குவதைவிட இரண்டு மடங்குக்கு மேல் செலவாகும். அரசாங்கம் சொல்கிறபடி சத்தாகச் சாப்பிட வேண்டுமென்றால், அடித்தட்டில் இருக்கும் ஐந்தில் ஒரு பங்குக் குடும்பங்கள் கைக்கு வரும் வருமானத்தில் 45 சதவீதத்தைச் சாப்பாட்டுக்கே செலவழிக்க வேண்டும் என்று ஃபுட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2025ல் கணக்குச் சொன்னது. ஒரு தாய் என்னிடம் சொன்னாள்: "பிள்ளைக்குப் பழகாத புதுக் காய் வாங்க மாட்டேன். பிள்ளை துப்பிவிட்டால் அன்றைக்கு வேறு சாப்பாடு கிடையாது." நான் பேத்திக்கு பீன்ஸைப் பழக்க எத்தனை தட்டு குப்பையில் கொட்டியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை, மல்லிகா.

நீ சத்துணவு மையத்தில் அமைப்பாளராக இருந்தவள், இது உனக்குப் புரியும். பந்தியில் உட்கார்ந்த பிள்ளையிடம் அப்பாவின் வருமானத்தை நீ கேட்டதில்லை. இங்கிலாந்தில் இரண்டாம் வகுப்பு வரை எல்லோருக்கும் மதியச் சாப்பாடு இலவசம். அதற்கு மேல் வருமானம் பார்க்கிறார்கள். வரி போக ஆண்டுக்கு 7,400 பவுண்டு என்று 2018ல் ஒரு வரம்பு வைத்தார்கள். ஒரு பவுண்டு கூடினாலும் புதிதாகக் கேட்டவர்களுக்குச் சாப்பாடு கிடைக்கவில்லை. லண்டனில் 2023 செப்டம்பரிலிருந்து ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் மேயர் கொடுக்க ஆரம்பித்தார். யுனிவர்சல் கிரெடிட் என்கிற உதவித்தொகை வாங்கும் எல்லாக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் 2026 செப்டம்பர் முதல் இங்கிலாந்து முழுக்க என்று அரசு அறிவித்தது. நல்லதுதான். ஆனால் இத்தனை வருஷம் வரம்புக்குக் கொஞ்சம் மேலே இருந்த வீட்டுப் பிள்ளைகள் மதியம் என்ன சாப்பிட்டிருக்கும்?

அப்புறம் ஒரு விஷயம். போன வாரம் பொறுப்பாளரிடம் கேட்டுவிட்டு தமிழ்க் கடைகள் இருக்கும் ஈஸ்ட் ஹாமிலிருந்து பத்து பாக்கெட் அவல் வாங்கிப் போனேன். கழுவி ஊறவைத்து, பால், சர்க்கரை, வாழைப்பழம் போட்டு எல்லோருக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தேன். அரிசியைத் திருப்பிக் கொடுத்தவரும் வந்திருந்தார். இரண்டு பாக்கெட் கேட்டு வாங்கிப் போனார். அடுப்பு மூட்டாமல், வெந்நீர் மட்டும் வைத்துச் செய்யக்கூடியது இன்னும் என்னென்ன இருக்கிறது? சத்துமாவை வறுத்து அரைக்கிற உன் பக்குவத்தையும் அளவோடு எழுது. பாக்கெட் பிரிக்காததாக, தேதி போட்டதாக இருந்தால்தான் இங்கே எடுத்துக்கொள்வார்கள், அதையும் மனதில் வைத்துக்கொள். அடுத்த வியாழனுக்குள் போன் பண்ணினாலும் சரி.

அன்புடன்,
சாந்தா