பலகையில் ஓர் எழுத்து

ஆசிரியர் அவர்களுக்கு,

பள்ளி திறக்கும் நேரம். எங்கள் தஞ்சாவூர் கடைத்தெருவில் நோட்டு, பேனா விற்கும் கடைகளின் புதுப் பலகைகளில் 'ஸ்டேஷனரி' என்ற ஆங்கிலச் சொல் தப்பாகவே இருக்கிறது. கடைசியில் 'ஈ, ஆர், ஒய்' வர வேண்டும். 'ஏ, ஆர், ஒய்' போட்டால் 'நகராமல் நிற்பது' என்று பொருள். இரண்டும் அகராதியில் இருப்பதால் கம்ப்யூட்டர் பெரும்பாலும் சிவப்புக் கோடு போடுவதில்லை.

வகுப்பில் இதைக் கதையாகச் சொல்வேன். இடைக்கால ஐரோப்பாவில் தெருத்தெருவாக அலையாமல், ஓரிடத்தில் கடை போட்டுப் புத்தகம் விற்றவர்தான் 'ஸ்டேஷனர்'. அவர் பெயர் 'ஈ, ஆர்' என்று முடியும். அவர் சரக்குக்கும் அதே 'ஈ'. பிள்ளைகள் மறப்பதே இல்லை.

'பிராக்டிஸ்' இன்னும் சிக்கல். நாம் படிக்கும் பிரிட்டிஷ் வழக்கில் பெயர்ச்சொல்லுக்கு 'சி', வினைக்கு 'எஸ்'. அமெரிக்காவில் இரண்டுக்கும் 'சி'. போனில் அமெரிக்க ஆங்கிலம் இருந்தால், பிள்ளை சரியாக எழுதியதையே திருத்திவிடும். பெற்றோர் அதை முதலில் மாற்றி வையுங்கள்.

அப்புறம், பிளக்ஸ் அச்சகத்தாரே, அச்சிடும் முன் பக்கத்துப் பள்ளி ஆசிரியரிடம் ஒருமுறை காட்டுங்கள். சந்தோஷமாகப் பார்த்துத் தருவோம்.

ஆங்கில ஆசிரியை,
தஞ்சாவூர்